பெண்ணைக் காப்பதா? பெண் காப்பதா?

பெண்பிள்ளைகள் பந்து விளையாடலாமா என்பதைப் பற்றித் திண்டுக்கல் நகரத்திலும் சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலும் நம்மவர்களில் பலருக்கே இன்னும் சந்தேகம் தீர்ந்தபாடில்லை. பையன் பந்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டால், "விளையாடிவிட்டு வா" என்கின்றார்கள். அதே வீட்டுப் பெண் புறப்பட்டால், "வயதுக்கு வந்த பெண்ணுக்கு மைதானத்தில் என்ன வேலை?" என்கின்றார்கள். இப்படிச் சொல்லுகின்றவர்கள் வைதீகர்கள் மாத்திரமாயிருந்தால் நாம் கவலைப்பட மாட்டோம். மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துகின்றவர்களும் சொல்லுகின்றார்கள் என்பதாலேயே இதை எழுதுகின்றோம்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? பெண்ணைச் சிறு வயதில் தகப்பனும், பருவத்தில் புருஷனும், முதுமையில் பிள்ளைகளும் காக்க வேண்டும். அவள் எக்காலத்திலும் சுதந்திரத்துக்கு உரியவளல்ல என்று மனுதர்மத்தின் ஒன்பதாம் அத்தியாயம் சொல்லுகின்றது. அதாவது பெண் என்பவள் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டிய ஒரு பண்டம்; சாவி ஆண்பிள்ளை இடுப்பில் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

நிற்க. காக்கப்படாமல், தானே காவல் நின்ற ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள். மணிப்பூர் இம்பாலில் 1993-ல் பிறந்தவர் லோய்தோங்பாம் ஆஷாலதா தேவி. கால்பந்தாட்டத்தில் அவர் வேலை கோல் போடுவதல்ல. பின்வரிசையில் நின்று, பந்தோடு பாய்ந்து வருகின்ற எதிரியைக் கோலுக்குப் போகவிடாமல் மறிப்பதே அவர் வேலை. 2019-ல் நேபாளத்தில் நடந்த தெற்காசியப் பெண்கள் கோப்பையை இந்தியா வென்றபோது அவரே தலைவி. அதே வருஷம் ஆசியாவின் சிறந்த ஆட்டக்காரியைத் தேர்ந்தெடுக்கையில், ஜப்பான், சீனப் பெண்களோடு கடைசி மூவரில் ஒருவராக நின்றார். 2022-ல் கேரளத்துக் கோகுலம் அணி அவர் தலைமையில் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2024 அக்டோபரில் காட்மாண்டுவில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் ஆடியது நூறாவது சர்வதேச ஆட்டம். இந்தியப் பெண்களில் அதற்கு முன் எவரும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

நூறு தடவை இந்தத் தேசத்தின் கோலுக்கு முன் காவல் நின்றிருக்கின்றார். அவரை எந்தத் தகப்பன், எந்தப் புருஷன், எந்தப் பிள்ளை அந்த மைதானத்தில் வந்து காத்தான் என்று கேட்கின்றோம். சுனில் சேத்ரி என்றால் நம் ஊர்ப் பையன்களுக்குத் தெரிகின்றது. ஆஷாலதா என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி நம்மவர்கள் சொல்லும் ஆட்சேபணைகளைப் பார்ப்போம்.

பெண்ணின் உடம்பு ஓட்டத்தைத் தாங்காது என்கின்றார்கள். நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் எழுந்து மல்லிகை பறிக்கின்ற உடம்பு யாருடையது? ஒட்டன்சத்திரம் பக்கம் நாள் முழுவதும் குனிந்து களை எடுக்கின்ற இடுப்பு யாருடையது? மூன்று வருஷம் உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, "சுமங்கலித் திட்டம்" என்று பெயரும் வைத்து, நூற்பாலைகளில் இராத்திரி ஷிப்டில் நிற்க வைத்தார்களே, அப்போது பெண்ணின் உடம்பு தாங்கியதா? கூலிக்கும் தாலிக்கும் உழைத்தால் தாங்குகின்ற உடம்பு, தன் சந்தோஷத்துக்கு ஓடினால் மாத்திரம் தாங்காதா?

அரைக்கால் சட்டை போடுவது மானக்கேடு என்கின்றார்கள். தாடிக்கொம்புக் கோயில் மண்டபத்தில் ரதி சிலை எந்தக் கோலத்தில் நிற்கின்றதென்று குடும்பத்தோடு போய்ப் பார்த்து வருகின்றவர்கள்தானே இவர்கள்! கல்லில் செதுக்கினால் கலை. உயிருள்ள பெண் ஓடுவதற்கு வசதியாக உடுத்தினால் மானக்கேடா?

அதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. ஊர் எல்லையைக் காக்க அம்மனை வைத்திருக்கின்றார்கள். அந்தக் கல், ஊர் முழுவதையும் காக்கும் என்று நம்பிக் கூழ் ஊற்றுகின்றார்கள். ஆனால் இரத்தமும் சதையும் உள்ள தங்கள் மகள் இரண்டு கம்பங்களுக்கு நடுவிலுள்ள கோலைக் காப்பாள் என்று மாத்திரம் நம்ப மாட்டார்கள்!

இந்த அறியாமை நமக்கு மட்டும் சொந்தமல்ல. இங்கிலாந்தில் பிரஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய ஆட்டத்தை 1920 டிசம்பர் 26-ல் லிவர்பூலில் 53,000 பேர் பார்த்தார்கள். மறு வருஷமே, இந்த ஆட்டம் பெண்களுக்குத் தகாதென்று சொல்லி, கால்பந்துச் சங்கத்தார் தங்கள் மைதானங்களை அவர்களுக்கு அடைத்துவிட்டார்கள். சுமார் 50 வருஷம் அது திறக்கவில்லை. பெண்ணால் முடியாது என்பதற்காகத் தடுக்கவில்லை. முடியும் என்று கண்டபிறகே தடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இத்தாலியில் சாரா காமா என்ற பின்வரிசை ஆட்டக்காரி 2019 உலகக் கோப்பையில் தம் நாட்டு அணிக்குத் தலைவியாக இருந்து கால் இறுதிவரை கொண்டுபோனார். அப்போதும் அந்த நாட்டுச் சட்டப்படி பெண்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்ல, பொழுதுபோக்குக்கு ஆடுகின்றவர்களே! அவரும் மற்றவர்களும் ஆட்டக்காரர் சங்கத்தில் நின்று போராடிய பிறகு, 2022 ஜூலை முதல் தேதியிலிருந்துதான் முதல் வரிசை லீக் பெண்களுக்குத் தொழிலாளி என்ற அந்தஸ்து வந்தது. மைதானத்தில் கோலையும், சங்கத்தில் கூலியையும் காக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில்? முதல் வரிசைக் கிளப்புகள் பத்து இந்தியப் பெண்களுக்காவது வருஷம் 3.20 லட்ச ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் தர வேண்டும் என்ற விதியே 2023-ல்தான் அறிவிக்கப்பட்டது. மாதக்கணக்கில் 27,000 ரூபாய்கூட இல்லை. இவ்வளவுதான் என்றாலும், இது பெண் தன் காலால் சம்பாதித்த பணம். புருஷன் கையை எதிர்பாராத பணம்.

தமிழ்ப் பெண்களுக்கு இது ஆகாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2018-ல் மணிப்பூரையும், 2023-ல் ஹரியானாவையும் இறுதி ஆட்டத்தில் தோற்கடித்துத் தேசியக் கோப்பையைத் தமிழ்நாட்டுப் பெண்கள் கொண்டுவந்திருக்கின்றார்கள். 2019-ல் லீக்கை வென்ற சேது அணி நமக்கு அடுத்த மதுரை அணிதான். மதுரையில் முடிந்தது திண்டுக்கல்லில் ஏன் முடியாது?

ஆகவே தோழர்களே! பெண்ணுரிமைத் தீர்மானங்கள் போதுமான அளவு செய்தாய்விட்டது. உங்கள் ஊர் மைதானத்தில் மாலையில் ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். பூப்பெய்தினாள் என்று பள்ளிக்கூட அணியிலிருந்து மகளை நிறுத்தாதீர்கள். யார் கட்டிக்கொள்வான் என்று கேட்பவனுக்கு, அவள் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவள் என்று பதில் சொல்லுங்கள். அதற்கு உங்களுக்குத் துணிவில்லையானால், மேடையில் ஏறாமலாவது இருங்கள்.