கடவுள் செயலா? சொந்தக்காரர் பொறுப்பா?

மே மாதம் வந்துவிட்டால் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஜனங்கள் திரள் திரளாய் ஏற்காட்டுக்கு ஏறுகிறார்கள். சிலர் கோடை விழாவுக்கு. சிலர் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் சாமிக்கு. அங்கே பணம் கொடுத்துத் தங்கிய ஒருவன், விடுதியின் ஆட்டங்கண்ட மாடிக் கைப்பிடியோடு சரிந்து விழுந்தால் நாம் என்ன சொல்லுகின்றோம்? பிழைத்தால் "சாமி காப்பாற்றியது", செத்தால் "தலையெழுத்து". கைப்பிடியைப் பழுது பார்க்காமல் வாடகை வாங்கியவர் யார் என்று மாத்திரம் கேட்பதில்லை.

இந்த மூட நம்பிக்கையால் லாபம் அடைகிறவர் சாமியல்ல, கட்டடத்துச் சொந்தக்காரரே. ஆங்கிலேயரிடமிருந்து வந்த சட்டத்திலும் "கடவுள் செயல்" என்று ஒரு சமாதானம் உண்டு. ஆனால் புயல், பூகம்பம் போல மனிதன் முன்னறிந்து தடுக்க முடியாததற்கே அது செல்லும். துருப்பிடித்த கம்பியும் பூட்டிய கதவும் கடவுள் செயலாகா. அபாயமான தொழில் நடத்துவோருக்கோ எந்த விலக்கும் கிடையாதென்று 1986-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

1997 ஜூன் மாதத்தைப் பாருங்கள். 7-ந் தேதி தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகத்தில் யாகசாலைப் பந்தல் தீப்பற்றி 48 பேர் மாண்டார்கள். சாமியின் வாசலிலேயே சாமி காப்பாற்றவில்லை. ஆறு நாள் கழித்து, டெல்லி உபஹார் சினிமாக் கொட்டகையில் 59 பேர் புகையில் திணறிச் செத்தார்கள். அங்கே மேல்மாடியில் கூடுதல் நாற்காலிகளைப் போட்டு வெளியேறும் வழியை அடைத்திருந்தார்கள். மாண்டவர்களின் குடும்பத்தார் "விதி" என்று அழுதுவிட்டு அடங்கவில்லை. சங்கம் கூடி வழக்காடினார்கள். 2011-ல் சுப்ரீம் கோர்ட், இறந்தவர் இருபது வயதைக் கடந்தவராயின் 10 லட்சமும், மற்றவர்க்கு ஏழரை லட்சமும் ஈடு தரவேண்டும் என்றது. அதில் நூற்றுக்கு 85 பங்கு கொட்டகைக்காரர் தலையில், 15 பங்கு மின்சார வாரியத்தின் தலையில். போன உயிருக்கு இது விலையாகாது. ஆனாலும் குற்றம் விதியினுடையதல்ல, மனிதனுடையது என்பது ருசுவாயிற்று.

நிற்க, எல்லாவற்றுக்கும் சொந்தக்காரரே பொறுப்பென்று நாம் சொல்லவரவில்லை. குடித்துவிட்டு வேலி தாண்டிக் குதிப்பவன் தன் புத்தியைத்தான் நொந்துகொள்ள வேண்டும். ஆனால் "எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை மாட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடுமா? பலகை எழுதுகிற செலவில் கைப்பிடியைச் சரி செய்யலாமே!

பணம் கொடுத்துத் தங்கியவருக்கு 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டம் இருக்கிறது. ஜில்லா நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே தாமே மனுச் செய்யலாம். இரண்டு வருஷத்துக்குள் செய்யவேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை மலைமேல் ஒருவர் விழுந்தார் என்று கேட்டால், ஜாதகத்தைப் புரட்டாதீர்கள். கைப்பிடியைப் பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சொந்தக்காரரைக் கேள்வி கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இல்லாத ஊரில்தான் கடவுள் செயல் அதிகமாய் நடக்கிறது.