ஊரில் ஆடாத அணி ஊருக்கு எதற்கு?

திண்டுக்கல், திருப்பூர், சேலம், நெல்லை என்று ஊர்ப்பெயர் தாங்கிய கிரிக்கெட் அணிகள் ஆண்டுதோறும் மோதுவதைத் தொலைக்காட்சியில் காணும் திருக்கோவிலூர் இளைஞர்களுக்கு, நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் அப்படி ஓர் அணி வாய்க்காதா என்ற ஆசை எழுவது சகஜமே. அந்த ஆசையை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் அது எந்த ஆட்டத்தில், எவ்விதம் நிறைவேற வேண்டும் என்பதில் எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு.

2016-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் தொடங்கியபோது முதற்கோப்பையை வென்றது தூத்துக்குடியின் பெயர் கொண்ட அணி. ஆயினும் அதன் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலும், திருநெல்வேலியிலும், திண்டுக்கல்லை அடுத்த நத்தம் கல்லூரி மைதானத்திலும் நடந்தனவேயன்றித் தூத்துக்குடி மண்ணில் நடக்கவில்லை. 2021-இல் அதே அணி சேலத்தின் பெயரைச் சூடிக்கொண்டது. காரைக்குடிக் காளையும் அவ்வாண்டே திருப்பூர் அணியாயிற்று. சொந்த ஊரார் டிக்கெட் வாங்கிப் பார்க்கவோ, உரிமையோடு குறை சொல்லவோ இடம் வைக்காத ஓர் அணியை அதன் முதலாளி வேறூருக்கு மாற்றினால், ஏன் என்று கேட்க யாருக்குப் பாத்தியதை இருக்கிறது?

சிற்றூருக்குப் பெரிய அணியைத் தாங்கும் சக்தி கிடையாது என்பவர்கள் அமெரிக்காவின் கிரீன் பே நகரைப் பார்க்கட்டும். ஜனத்தொகை ஏறத்தாழ ஒரு லட்சமே உள்ள அவ்வூரில், எண்பதாயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்கத்தோடு பாக்கர்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணி நூற்றாண்டு கடந்து நிலைத்திருக்கிறது. 1923 முதல் அது பொதுமக்கள் வாங்கிய பங்குகளால் ஆனது. அப்பங்குகளுக்கு லாபம் கிடையாது. தொலைக்காட்சி வருமானத்தை லீக்கிலுள்ள அணிகள் யாவும் சமமாகப் பகிர்ந்துகொள்வதால், பெருநகரத்து அணிகளுக்கு ஈடாக அது நிற்க முடிகிறது. ஆக, ஜனத்தொகையைக் காட்டிலும் உடைமையும் பங்கீடுமே முக்கியம்.

நம் பக்கத்திலோ அதற்கான அஸ்திவாரம் ஏற்கெனவே இருக்கிறது. பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் மின்னொளி கபடிப் போட்டி. சுவரொட்டியில் முதல் பரிசு, சுழற்கோப்பை, அவற்றின் கீழே உரக்கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் அளித்த அன்பளிப்பு விவரம். தண்ணீர் தெளித்து இறுகிய செம்மண் களத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, விடியும்வரை கலையாத கூட்டம். கிரிக்கெட்டுக்கு ஏக்கர்க்கணக்கில் புல்வெளி வேண்டும். கபடிக்குப் பதின்மூன்று மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள களமும், பக்கத்துக்கு ஏழு பேரும் போதும். அப்படியிருந்தும், 2017-இல் புரோ கபடி லீக்கில் சேர்ந்த தமிழ் தலைவாஸ்தான் இம்மாநிலம் முழுவதற்கும் ஒரே அணி.

ஆகையால் நான் கேட்பது இது: புரோ கபடிக்கு அடுத்த படியாக மாவட்ட அணிகள் மோதும் மாநில லீக் ஒன்று அமையட்டும், கள்ளக்குறிச்சி அணியின் பங்குகளை விவசாயியும் வியாபாரியும் ஆசிரியரும் சிறு தொகை கொடுத்து வாங்கட்டும், சங்கராபுரம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை, கல்வராயன் மலை என ஒவ்வொரு தாலுகாவிலும் வீரர் தேர்வு நடக்கட்டும், மலையிலிருந்து இறங்கி வரும் பையனுக்குப் பஸ் கட்டணமும் சாப்பாடும் அணியின் செலவாக இருக்கட்டும். ஒளிபரப்புப் பணம் எல்லா அணிகளுக்கும் சமமாகச் சேரட்டும். எந்த ஊரின் பெயரை அணி தாங்குகிறதோ அந்த ஊரில் ஆண்டுக்குச் சில ஆட்டங்களேனும் கட்டாயம் நடக்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவைக்க வேண்டும். கபடிக் கழகத்தாரும் மாவட்ட நிர்வாகமும் இதற்கான முதற்கூட்டத்தைத் திருக்கோவிலூரிலேயே கூட்ட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.