சாய்ந்த மரத்தை வெட்டப் பழகாத கைகள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டபோது, வீதியை மறித்துக் கிடந்த மரங்களை அகற்றப் பல இடங்களில் முதலில் இறங்கியவர்கள் ஊர் இளைஞர்கள்தான். யாரிடமோ இரவல் வாங்கிய செயின் சோ, காலில் செருப்பு, இடுப்பில் சாரம். அவர்களது நன்மனதை நான் குறை சொல்லவில்லை. அந்த நன்மனதை வெறுங்கையோடு அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன்.

காடழிப்பைத் தடுப்பதற்காக, செயின் சோ வைத்திருப்போர் அதனைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019இல் அரசாங்கம் கட்டாயப்படுத்தியது. நல்ல நடவடிக்கைதான். ஆனால் அங்கு கேட்கப்பட்டது இயந்திரம் யாருடையது என்பதே. அதைப் பிடிப்பவருக்கு வேலை தெரியுமா என்பது கேள்வியாகவே வரவில்லை.

நிற்கும் மரத்தை வெட்டிப் பழகியவருக்குக்கூட காற்றில் சாய்ந்த மரம் புதுப் பாடம். அது ஓய்ந்து கிடப்பதில்லை, முறுக்கேறிய வில்லைப் போலக் கிடக்கிறது. இரு முனைகளும் தாங்கப்பட்டு நடுவில் தொங்கும் தண்டின் மேற்பக்கம் நெருக்குண்டிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வாள் இடையில் சிக்கும். மேலே சிறிதளவு வெட்டிவிட்டு, மிகுதியைக் கீழிருந்து மேல்நோக்கி அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டிருந்தால் எல்லாமே தலைகீழ். கரும்பலகையில் ஒரு கோடு கீறிக் காட்டினால் தரம் ஒன்பது மாணவனுக்கும் இது விளங்கும். கரும்பலகையோடு நின்றுவிடக்கூடாது என்பது வேறு விடயம்.

வேர்த்தட்டு இதைவிட ஆபத்தானது. மண்ணோடு பெயர்ந்து சுவர்போல நிற்கும் அந்த வேர், தண்டு அறுபட்டதும் மீண்டும் குழிக்குள் சாயலாம், முன்பக்கமும் புரளலாம். அந்தக் குழிக்குள் இறங்கி விளையாடுவது பிள்ளைகளுக்குப் பெரும் விருப்பம். வாளின் நுனியின் மேல்மூலை எதிலாவது பட்டால் இயந்திரம் வெட்டுபவரின் முகத்துக்கே துள்ளும். மரத்தோடு மின்கம்பியும் விழுந்திருந்தால், மின்சார சபை இணைப்பைத் துண்டித்ததாக உறுதிப்படுத்தும்வரை எவரும் கிட்டப் போகக்கூடாது. அயல்வீட்டு ஜெனரேட்டரிலிருந்தும் கம்பிக்கு மின்சாரம் திரும்பி வரலாம்.

சுவீடனில் 2005 ஜனவரியில் வீசிய குட்ருன் புயல் சுமார் 75 மில்லியன் கனமீற்றர் மரத்தைச் சாய்த்தது. புயலுக்குத் தப்பியவர்கள் பலர் அம்மரங்களை அகற்றும் வேலையில் மாண்டனர். இன்று அந்நாட்டின் செயின் சோ பயிற்சியில் புயலில் சாய்ந்த மரங்களுக்கென்றே தனி நிலை இருக்கிறது. பரம்பரை பரம்பரையாகக் காட்டுத் தொழில் செய்பவர்களுக்கே இது தேவைப்பட்டிருக்கிறது.

கிழக்கிலுள்ள நமக்கு 1978 சூறாவளி நினைவிருக்க வேண்டும். மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்கள் அன்று பாய் விரித்ததுபோலக் கிடந்ததை மூத்தோர் இன்றும் சொல்வார்கள். அன்று கையில் இருந்தவை கோடரியும் கைவாளும். அவை மெதுவானவை, தவறு செய்தாலும் பெரும்பாலும் காயத்தோடு போகும். செயின் சோ அப்படியல்ல.

ஜனாஸா குளிப்பாட்டவும் கபனிடவும் நமது பள்ளிவாசல்கள் வகுப்பு நடத்துகின்றன. ஒவ்வொரு மஹல்லாவிலும் அதற்கென நான்கைந்து பேர் தயாராக இருக்கிறார்கள். மரம் வெட்டவும் அதேபோல ஊருக்கு நான்கு பேரைத் தெரிவுசெய்து, அனுபவமுள்ள மர ஆலைக்காரர் ஒருவரையும் தொழிற்பயிற்சி நிலையப் போதனாசிரியர் ஒருவரையும் கொண்டு சில நாட்கள் பழக்குவது அவ்வளவு கடினமா? தலைக்கவசம், முகத்திரை, காதடைப்பு, வெட்டுத் தாங்கும் காற்சட்டை, சப்பாத்து ஆகியவற்றைப் பிரதேச சபை வாங்கி வைக்கலாம். விபத்துக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்காக வசூலிக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இச்செலவு சிறிது. தொண்டர்களுக்கு விபத்துக் காப்புறுதியும் வேண்டும். இதுபற்றி நம் சபைகளில் பேச்சே எழுவதில்லை.

வடகீழ்ப் பருவமழைக்கு முன், ஒக்டோபருக்குள், முதல் அணியைப் பழக்கிவிடலாம். பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் கிராம உத்தியோகத்தரிடமும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் போட்டுவைத்தால், மரம் விழுந்த இரவில் யாரை அழைப்பது, யாரை ஒதுங்கி நிற்கச் சொல்வது என்பது ஊருக்குத் தெரிந்திருக்கும்.