கணிப்பொறிக்கு உதிரி பாகம்: கடையிலா, இணையத்திலா?

நம் சங்க அன்பர்கள் பலரும் இப்போது கணிப்பொறிக்கு வேண்டிய உதிரி பாகங்களை இணையத்தில்தான் வாங்குகிறார்கள். நாலு இடத்து விலையை ஒப்பிடலாம். வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். லாமிங்டன் ரோடு கடைகளுக்குப் போவது வீண் அலைச்சல் என்று நானும் சென்ற வருடம் வரை சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது என் கருத்து மாறியிருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் டிப்ளமா படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அப்பா மாதுங்காவில் ஓர் ஓட்டலில் வேலை செய்கிறார். பையனிடம் இருப்பது யாரோ கொடுத்த பழைய லாப்டாப். அது உயிர் பெற்று எழவே பத்து நிமிடம் ஆகும். "மாமா, எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் வருமாமே, எங்கே வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்டான். கடையில் விசாரித்ததைவிட இணையத்தில் 400 ரூபாய் குறைவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அதையே தருவித்துவிடு என்றேன்.

இரண்டே நாளில் பொருள் வந்தது. நானே முன்னின்று பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் லாப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிறகுதான் விஷயம் புரிந்தது. எம்.2 என்ற அந்தச் செருகுமிடம் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், பழைய மாடல்கள் சிலவற்றில் சாட்டா வகை மட்டுமே வேலை செய்யும். நாங்கள் வாங்கியது என்.வி.எம்.இ. வகை. மும்பை புறநகர் ரயிலில் முன்பு 1500 வோல்ட் டி.சி. மின்சாரம் இருந்தது, பிறகு 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றினார்கள். தண்டவாளத்தின் அகலம் ஒன்றுதான் என்பதற்காக டி.சி. வண்டி ஏ.சி. பாதையில் ஓடிவிடுமா? இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நானே கோட்டை விட்டேன்.

பழுதாக இருந்தால் மாற்றுப் பொருள் தருவோம், பணம் திரும்பத் தரமாட்டோம் என்பது விற்றவரின் நிபந்தனை. பொருளிலோ பழுதில்லை. பையனின் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே எனக்கு அதிகம் உறுத்தியது. அதை நானே விலை கொடுத்து எடுத்துக்கொண்டு, மறுநாள் தாதரில் ஸ்லோ வண்டி மாறி, கிராண்ட் ரோடில் இறங்கிப் பையனைக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன் லாப்டாப்பின் மாடல் எண்ணைக் கேட்டார். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். சரியானதைப் பொருத்தி, ஓட்டிக் காட்டிய பிறகே பணம் வாங்கினார். அந்த 400 ரூபாய் எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது சோதனைக் கட்டணம்.

ரயில்வேயில் 38 வருடம் இருந்தவன் நான். லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. அங்கீகரித்த தயாரிப்பாளர் பட்டியல், ஆய்வு, சான்று என்று முக்கியமான பாகங்களுக்குப் பல தடைகள் உண்டு. அரசுத் துறைகளும் 2016 முதல் ஜெம் என்ற இணையச் சந்தையில் வாங்குகின்றன. அங்கேயும் பொதுவாகப் பொருளைப் பெற்றவர் சோதித்து ஏற்புச் சான்று கொடுத்த பிறகே பணம் போகும். இணையத்துக்குப் போன அரசு, சோதனையைக் கைவிடவில்லை. நாம்தான் சோதனையை விட்டுவிட்டு, மிச்சம் பிடித்ததாக நினைக்கிறோம்.

ஆகவே என் யோசனை இது. கீபோர்டு, மவுஸ், கேபிள் போன்றவற்றை இணையத்தில் தாராளமாக வாங்கலாம். ஒன்றோடொன்று பொருந்த வேண்டியவற்றைக் கடையில் வாங்குவதே நல்லது. உதாரணமாக மெமரி. மேசைக் கணிப்பொறிக்கான டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288 முனைகள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மின் அழுத்தமும் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. நம்ப முடியாத விலையில் வரும் பென் டிரைவை எங்கே வாங்கினாலும் சந்தேகப்படுங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு நிறைய உலவுகிறது. நிரப்பிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

கடைக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. "பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம்" என்று கச்சா பில்லை நீட்டுபவர்கள் உண்டு. அதற்கு உடன்படாதீர்கள், பழுதானால் கேட்க ஆதாரம் இருக்காது. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் பொருளின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். இணைய வணிகத்துக்கும் 2020இல் விதிகள் வந்துள்ளன. புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. ஆனால் நாமே தவறாகத் தேர்ந்தெடுத்ததற்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது.

கடைசியாக ஒன்று. கடைக்காரரிடம் அரை மணி நேரம் யோசனை கேட்டு, மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் வாங்கும் வழக்கம் நம்மவர்களிடமும் இருக்கிறது. அது நியாயமல்ல. அவர் சொன்ன யோசனைக்கும் விலை உண்டு. அதை யாரும் கொடுக்காவிட்டால் ஒரு நாள் அந்தக் கடை இருக்காது. அப்போது மூடியைக் கழற்றிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் தவிப்பது வசதியுள்ளவர்கள் அல்ல, இந்தப் பையனைப் போன்றவர்கள்தான். அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.