கற்றதை ஊரறியச் சொல்லுதல்

ஆராய்ச்சி செய்வோர் ஒரு வகுப்பினர், அதனை மக்களுக்கு எடுத்துரைப்போர் வேறொரு வகுப்பினர் என்று கருதுவார் நம் கல்லூரியிற் பலர் உளர். பௌதிகமும் இரசாயனமும் பயிலும் நண்பர்கள், "முதலிற் பட்டம் பெறுவோம், மற்றவை பின்னர் ஆகட்டும்" என்பர். யாம் இதற்கு உடன்படோம். எடுத்துரைத்தலும், பரிசோதனைச் சாலையிற் பழகும் கைத்திறனைப் போல, மாணவப் பருவத்திலேயே பயிலத்தக்கது என்பது எம் துணிபு.

மைக்கேல் பாரடேயின் வரலாற்றை நோக்குக. 1791-இற் கொல்லர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்ற அவர், 1812-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய பிரசங்கங்களைக் கேட்டுக் குறிப்பெழுதி, அக்குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டில் அவ்விடத்திலேயே வேலை பெற்றார். இவ்வளவும் பலர் அறிந்ததே. அதன்பின் அவர் செய்தவையே நமக்கு வேண்டுவன. பணியிற் சேர்ந்த 1813-ஆம் ஆண்டிலேயே பிறர் பேசுவதைக் கூர்ந்து நோக்கி, மண்டபம் அமையவேண்டிய விதம், கருவிகளைக் காட்டும் முறை, ஒரு மணி நேரத்துக்கு மேற் பேசலாகாமை முதலியவற்றைத் தம் தோழருக்குக் கடிதங்களாக எழுதினார். இளைஞர் தம்முட் கூடிக் கற்ற சிட்டி பிலசாபிகல் சொஸைட்டி என்னும் சிறு சங்கத்தில் 1816 முதல் தாமே பேசிப் பழகினார். பேச்சுப் பயிற்சிக்கென ஆசிரியரையும் நாடினார். பேச்சு விரையும்போது 'மெதுவாக' என்றெழுதிய அட்டையைத் தம்முன் வைக்குமாறு உதவியாளருக்குச் சொல்லியிருந்தார். 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு மெழுகுவத்தியைக் கொண்டே, அஃது எரியுங்கால் நீரும் கரியமில வாயுவும் தோன்றுதலையும், நம் சுவாசம் அவ்வெரிதலை ஒத்திருத்தலையும் சிறுவர்க்கு விளக்கிய வன்மை இவ்வாறு வந்ததேயன்றிப் பிறவியில் வந்ததன்று. 1831-இல் மின்தூண்டலைக் கண்டறிந்தவரும் அவரே. ஆதலின் எளிமையாய்ச் சொல்வோர் ஆராய்ச்சியிற் குறைந்தோர் என்பார் கூற்று நில்லாது.

"தமிழிற் சொற்கள் இல்லையே" என்பாரும் உளர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1864 முதல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் மாணாக்கரும் மொழிபெயர்ப்பில் உழைத்தனர். 'இரண வைத்தியம்' 1867-இலும் 'கெமிஸ்தம்' 1875-இலும் வெளிவந்தன. பின்னதன் பெயரைக் கேட்டுத் தமிழ் பயிலும் எம்மவருள்ளே சிலர் நகைப்பர். பொருள் தெளிவாக விளங்குமாயின் அயற்சொல் ஒன்று வந்து இருந்துவிட்டுப் போகட்டுமே! யாருக்கும் விளங்காத தனித்தமிழ்ச் சொல்லால் ஆவதென்ன?

2020-இற் கொரோனா நோய் பரவியபோது கைப்பேசி வழியே வீடுதோறும் பொய் மருந்துகள் பேசப்பட்டன. தடுப்பூசியைப் பற்றி ஆங்கிலத்திற் பத்துப் பக்கம் எழுதவல்ல மாணவர், தம் பாட்டியார் அதனை அஞ்சியபோது இரண்டு வாக்கியம் சொல்ல மாட்டாது நின்றனர். கற்றவர் வாய் மூடியிருக்கும் இடத்திற் கல்லாதவர் பேச்சு நுழைதல் வியப்பன்று.

ஆகவே, இறுதியாண்டு விஞ்ஞான மாணவர் ஒவ்வொருவரும் தம் ஆய்வுரையோடு இரண்டு பக்கத் தமிழ் விளக்கமும் எழுதுதல் வேண்டும் என்கிறோம். அதனை முதலில் விடுதிச் சமையற்காரருக்கோ தோட்டக்காரருக்கோ படித்துக் காட்டுக. "அப்படியென்றால் என்ன, தம்பி?" என்று அவர் எங்கே கேட்கிறாரோ அங்கே திருத்துக. ஒன்று மட்டும் மறவற்க: எலியிடம் பலித்த மருந்து மனிதரிடமும் பலித்ததாக எழுதலாகாது. எளிமைப்படுத்துவதும் மிகைப்படுத்துவதும் வெவ்வேறு. இன்னும் நிலைநாட்டப்படாதது எதுவென்பதையும் அவ்விரண்டு பக்கத்துள்ளேயே சொல்லியாகவேண்டும். இதுவே இப்பயிற்சியில் அரியது. மொழிநடை அதற்குப் பிற்பட்டதே.

அடுத்த மலரில் இத்தகைய கட்டுரைகளுக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்குமாறு ஆசிரியரை வேண்டுகிறோம். எழுதுவோருடன் அமர்ந்து நடை திருத்தத் தமிழ் வகுப்பினராகிய யாம் ஆயத்தமாயுள்ளோம்.