கை தடிக்கவில்லை என்றால் நோய் இல்லையா?

தோழர்களே! அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவரும், பூந்தமல்லிப் பக்கம் நாற்று நடுபவரும் அறியவேண்டிய சங்கதி இது.

எச்.ஐ.வி. உள்ளவர்களில் அதிகம் பேரைக் கொல்வது காசநோய்தான். அந்தக் கிருமி உடம்பில் பதுங்கியிருக்கிறதா என்று பார்க்க, முன்கையில் டியூபர்குலின் ஊசி போடுகிறார்கள். 48 முதல் 72 மணிக்குள் மறுபடி வந்து கையைக் காட்டவேண்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு 5 மில்லிமீட்டர் தடித்தாலே கிருமி உண்டென்று கணக்கு.

தடிக்கவில்லை என்றால்? "ஒன்றுமில்லை, போ" என்று அனுப்பிவிடலாமா? கூடாது! வெள்ளை அணுக்கள் கிருமியின் அடையாளம் கண்டு திரள்வதால்தான் கை தடிக்கிறது. எச்.ஐ.வி. அழிப்பதோ அந்த அணுக்களையே! காவல் நாயைக் கொன்றுவிட்டு, குரைப்புச் சத்தம் இல்லை, ஆகவே திருடனும் இல்லை என்பதா நியாயம்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2011-லேயே சொல்லிவிட்டது: தடுப்பு மாத்திரை கொடுக்க இந்த ஊசிச் சோதனை கட்டாயமல்ல. இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் காசநோய் உண்டா என்று பரிசோதிக்க வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால் மாத்திரை கொடுக்கலாம். இந்திய சர்க்காரின் 2021-ம் வருஷ வழிகாட்டுதலும் இதுவே.

சோதனை வைத்தால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு நடை. இரண்டு நாள் கூலி போச்சு! யார் தருவார்? காண்டிராக்டரா, மிராசுதாரா? இ.எஸ்.ஐ.யில் காசநோய்க்கும் எய்ட்ஸுக்கும் நீடித்த நோய்ச் சலுகையாக 80 சதவீதக் கூலி உண்டு. ஆனால் இன்ஷூர் ஆன வேலையில் தொடர்ந்து இரண்டு வருஷம் இருந்திருக்க வேண்டுமாம். அடிக்கடி சீட்டுக் கிழிக்கப்படும் காண்டிராக்ட் தொழிலாளி எங்கே போவார்? இ.எஸ்.ஐ. அட்டையே கண்டிராத விவசாயத் தொழிலாளி எங்கே போவார்?

நம் ஜனங்கள் விஞ்ஞானத்திடம் பிச்சை கேட்கவில்லை. அதற்குக் கடன் கொடுத்தவர்கள். 1968-ல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவின் திருவள்ளூர் வட்டாரத்தில் பி.சி.ஜி. ஆராய்ச்சி தொடங்கியது. அப்போது லட்சக்கணக்கானோர் இதே ஊசிக்குக் கை நீட்டினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்காது என்று அந்தக் கைகளிலிருந்தே உலகம் கற்றது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

ஆகவே கேட்கிறோம்: தடுப்பு மாத்திரை தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும்! ஆஸ்பத்திரி நாளுக்குக் கூலியோடு லீவு வேண்டும்! காண்டிராக்ட் தொழிலாளிக்கும் முழுச் சலுகை வேண்டும்! எச்.ஐ.வி.யைக் காட்டிப் பாரபட்சமாக வேலையை விட்டு நீக்குவதைத் தடுக்கும் 2017-ம் வருஷச் சட்டம் ஒவ்வொரு ஆலை வாசலிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்!

கை தடிக்காதது உயிருக்கு உத்தரவாதமல்ல. சங்கத்தில் கூடிக் கேட்போம், கேட்டதை வாங்குவோம்!