போலீஸ் ஃபைலில் இருக்கிறது, உங்கள் வக்கீல் கையில் இல்லை: பிறகு எப்படி வாதாடுவது?

தேன்கனிக்கோட்டையில் இருந்து ஓசூர் சிப்காட்டுக்கு நைட் ஷிப்ட் போகும் ஒருவர் மீது ஒரு வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பவ நேரத்தில் அவர் கம்பெனிக்குள்தான் இருந்தார். பஞ்ச் பதிவும் கேட் சிசிடிவியும் அதற்குச் சாட்சி. போலீஸ் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டது. ஆனால் குற்றப்பத்திரிகையில் இரண்டும் இல்லை. இப்போது என்ன ஆகும்?

இது கற்பனைதான். ஆனால் அமெரிக்காவின் டெக்சாஸில் மைக்கேல் மார்ட்டன் என்பவருக்கு இப்படித்தான் ஆனது. மனைவியைக் கொன்றதாக 1987-ல் ஆயுள் தண்டனை. ‘சம்பவத்தின்போது அப்பா வீட்டில் இல்லை’ என்று அவருடைய 3 வயது மகன் பாட்டியிடம் சொன்னது போலீஸ் ஃபைலிலேயே இருந்தது. அரசுத் தரப்பு அதை வெளியே விடவில்லை. டிஎன்ஏ பரிசோதனை கைகொடுக்க, 2011-ல் விடுதலையானார். ஏறக்குறைய 25 வருடம் போச்சு! மறைத்த வழக்கறிஞருக்கு 2013-ல் கிடைத்தது 10 நாள் சிறை. அவர் அதற்குள் நீதிபதியாகவே ஆகியிருந்தார் என்பது தனி வேடிக்கை. அதுவும், எதிர்த்தரப்புக்குச் சாதகமான ஆதாரத்தை மறைக்கக் கூடாது என்று ‘பிராடி’ வழக்கில் 1963-லேயே தீர்ப்பு வந்துவிட்ட நாட்டில்.

சரி, நம்ம ஊரில்?

குற்றப்பத்திரிகையோடு நீதிமன்றத்துக்கு அனுப்பிய ஆவணங்களின் நகல், குற்றம்சாட்டப்பட்டவருக்கு 14 நாளுக்குள் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் 230-வது பிரிவு. சிக்கலே அந்த ‘அனுப்பிய’ என்ற சொல்லில்தான். அனுப்பாததை யார் கேட்பது?

இந்தக் கேள்விக்கு ஒரு பதில், ஓசூர் தாண்டிப் பெங்களூரு போன சொத்துக்குவிப்பு வழக்கில் கிடைத்தது. போலீஸ் கைப்பற்றி, ஆனால் சான்றாகக் குறிக்காமல் விட்ட ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்று வி.கே.சசிகலா கேட்டார். கீழே மறுத்தார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் பார்வையிட அனுமதித்தது. அந்த ஆவணம் தனக்கு உதவுமா இல்லையா என்பதை குற்றம்சாட்டப்பட்டவர்தான் முடிவு செய்ய வேண்டும், அரசுத் தரப்பு அல்ல என்பதுதான் அதன் சாரம். அவரைப் பிடிக்கும், பிடிக்காது என்பது வேறு விஷயம். அந்த உரிமை சிப்காட் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான்.

2021-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. போலீஸ் சேகரித்து, பயன்படுத்தாமல் விட்டவற்றின் பட்டியலையும் தர வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் இருந்து போன வழக்கில் 2022-ல் அதையே மீண்டும் வலியுறுத்தியது.

நல்ல விதிதான். ஆனால் பட்டியலை எழுதுவதும் அதே விசாரணை அதிகாரிதானே? எதையும் விடவில்லை என்று அரசு வழக்கறிஞரும் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே நம் கருத்து. மறைத்தது தெரிந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, நேரம். மொபைல் நிறுவனங்கள் அழைப்புப் பதிவுகளை 2 வருடம் வைத்திருந்தால் போதும் என்பதே விதி. சிசிடிவி அதற்கு வெகு முன்பே அழிந்துவிடும். வழக்கோ வருடக்கணக்கில் இழுக்கும். எனவே வழக்கில் சிக்கியவரின் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது, 94-வது பிரிவில் அந்தப் பதிவுகளை வரவழைக்கச் சொல்லி உடனே மனு போடும்படி வக்கீலிடம் கேட்பது.